நெற்றா ரீச்சரின் வலது கை

பெரிய வியாழன் காலை, நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்தில் தம்பி இறைத்துக்கொண்டிருந்தான். நான் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். சவிரிமுத்து அண்ணை சைக்கிளில் வந்து வேலியோரம் ஒரு காலை ஊன்றியபடி நின்றார். மானிப்பாய்ப் பக்கத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுபவர் அவர். அவ்வளவு தூரத்திலிருந்து காலையிலேயே வருகிற ஆள் அல்ல.

“சிவகாமி ரீச்சர், எங்கடை நெற்றா ரீச்சர் செத்துப்போனா. விடியக்காலமை இருதயம் நிண்டிட்டுது.”

நான் கேட்டது இதுதான்: “அப்ப இண்டைக்குப் பின்னேரம் ஒத்திகை எத்தினை மணிக்கு?”

அதைவிட வேடிக்கை, அவரும் பதில் சொன்னார். “நாலரைக்கு எண்டுதான் நேற்று அவ சொன்னவா.” பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஒழுங்கைப் பாதைக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பி தூரத்திலிருந்து என்னைத் திட்டினான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

நெற்றா ரீச்சரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் சாகிற ஆள் அல்ல. இந்த வருடங்களில் நாங்கள் எல்லோரும் சாவுக்கு ஒரு விதமாகத்தான் ஆயத்தமாக இருந்தோம். அது வானத்திலிருந்து வரும், சத்தத்தோடு வரும், ஓடிப்போய்ப் பங்கருக்குள் இறங்கினால் தப்பலாம் என்று பழகிவிட்டோம். கோப்பி போட எழும்பிய ஒரு பெண், அடுப்படி வாசலில் குந்தி, “கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்று கேட்டுவிட்டு, தண்ணீர் வருவதற்குள் போய்விடுவார் என்பதற்கு நாங்கள் ஒருவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அது நம்பக்கூடியதாக இல்லை. யாரோ கணக்கில் பிழை விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அவருடைய முழுப்பெயர் அன்ரனெற்றா. குருநகர்க் கடற்தொழில் குடும்பம். எண்பத்து மூன்றில் நான் சங்கீத ஆசிரியையாக ஒரு பாடசாலைக்குப் போனபோது அவர் அங்கே மேலைத்தேய இசை படிப்பித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே மண்டபம், நடுவில் அரைச்சுவர். அந்தப் பக்கம் பியானோ, இந்தப் பக்கம் என் பிள்ளைகளின் சரளி வரிசை. முதல் கிழமையே சுவருக்கு மேலால் தலை தெரிந்தது. “உம்மடை பிள்ளையளின்ரை சா, என்ரை பியானோவிலை ‘சி’ எண்ட வெள்ளைக் கட்டைக்கும் அதுக்குப் பக்கத்துக் கறுப்புக்கும் இடையிலை தொங்குது. ஒண்டில் ஏத்தும், இல்லாட்டி இறக்கும். எனக்குத் தலையிடிக்குது.” என் சுருதிப்பெட்டி எங்கள் ஆச்சி காலத்தது, உங்கள் பியானோவைத்தான் திருத்த வேண்டும் என்று நான் பாய்ந்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். அடுத்த நாள் நான் ஒருவருக்கும் தெரியாமல் சுருதியைச் சற்று ஏற்றி வைத்தேன். சுவருக்கு அப்பாலிருந்து, “தாங்ஸ், சிவகாமி” என்று குரல் வந்தது. அப்படித்தான் சிநேகிதமானோம்.

பிறகு குருநகரில் அவர்களின் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்தது. இடது மணிக்கட்டில் ஒரு துண்டு பாய்ந்து நரம்பை அறுத்துவிட்டது; அந்தக் கை விரல்கள் பிறகு அசையவில்லை. உயிர் தப்பியது பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு அந்த ஆறுதல் பிடிக்கவே பிடிக்காது. கணவர் மரியதாஸ் அண்ணையோடு இடம்பெயர்ந்து மானிப்பாயில் ஒரு வீட்டின் பாதியில் குடியிருந்தார். அங்கே பக்கத்துத் தேவாலயத்தில் இருந்த மின்னோர்கன், மின்சாரம் நின்ற நாளிலிருந்து வெறும் மேசையாகிவிட்டது. மூலையில் கிடந்த பழைய பியானோவை இழுத்து முன்னால் வைத்தார்கள். வாசிக்கத்தான் ஆள் இல்லை. அவரிடம் படித்த பெரிய பிள்ளைகள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் கை சின்னக் கை, எட்டுச் சுரத்துக்கு விரியாது.

ஒருநாள் நீர்வேலிக்கு மரியதாஸ் அண்ணையின் சைக்கிளில் வந்து இறங்கினார். கதிரையில் இருக்கக்கூட இல்லை. “சிவகாமி, உம்மடை இடது கையை எனக்குத் தாரும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். நான் வயலின் வாசிப்பவள். என் இடது கை விரல்கள் ஏற்கெனவே வேலை பழகியவை. பியானோவில் வலப்பக்கம் அவர் இருப்பார், இடப்பக்கம் நான். பாட்டின் மெட்டு அவருடைய வலது கையில், அதைத் தாங்குகிற கீழ்ச் சுரங்கள் என் இடது கையில். இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள். நான் சைவக்காரி, விபூதியோடு வந்து உங்கள் கோயிலுக்குள் இருக்கட்டுமா என்று கேட்டேன். “நெத்தியை ஆர் பாக்கினம், கையைத்தானே கேட்டனான்” என்றார். பிறகொருநாள் ஒரு வயதான அம்மா என் விபூதியைப் பற்றி முணுமுணுத்தபோதும் இதையே சற்று உறைப்பாகச் சொன்னதாகக் கேள்வி.

வீட்டில் பழக எனக்குப் பியானோ ஏது? மரியதாஸ் அண்ணை உடைந்த வள்ளத்துப் பலகை ஒன்றைச் சீவி, அதில் வெள்ளைக் கட்டைகளையும் கறுப்புக் கட்டைகளையும் அளவு பிசகாமல் பெயின்ரால் கீறித் தந்தார். சத்தம் போடாத பியானோ. சாப்பாட்டு மேசையில் அதை வைத்து மடமடவென்று தட்டுவேன். அம்மா வந்து, எனக்கு என்ன பிடித்துவிட்டது என்று கவலையோடு பார்ப்பார்.

அந்தப் பலகையில் நான் செய்த முதல் பிழையை நெற்றா ரீச்சர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பியானோப் புத்தகத்தில் சுரத்துக்கு மேலே ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டிருக்கும். எந்த விரலால் அழுத்துவது என்பதற்கான குறி. நான் சின்ன விரலை ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். தாளம் போடுகிற எவளும் அப்படித்தான் எடுப்பாள். தட்டிவிட்டுச் சின்ன விரலில் இருந்துதானே எண்ணுகிறோம்? ஒரு கிழமை முழுக்க அப்படியே சாதகம் பண்ணிக்கொண்டு போனேன். என் கை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்து அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “உதென்ன கோதாரி விரல்? பெருவிரல்தான் ஒண்டு. ரெண்டு கைக்கும் பெருவிரல்தான் ஒண்டு.” ஏன் என்று கேட்டேன். பெருவிரல்தான் மற்ற விரல்களுக்கு அடியால் நுழைந்து கையை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறது, அது இல்லாவிட்டால் ஐந்து சுரத்தோடு பயணம் முடிந்துவிடும் என்று செய்து காட்டினார். அந்த ஒரு கிழமைப் பழக்கத்தை மறக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நான் கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுகிறவள். இந்தப் பியானோவில் சா எங்கே என்று கேட்டேன். “பேர் கட்டைக்குச் சொந்தம். சி எப்பவும் சிதான், அது அசையாது. சா உமக்குச் சொந்தம். எங்கை வேணுமெண்டாலும் வையும்” என்றார். வெறும் வெள்ளைக் கட்டைகளில் சியிலிருந்து ஏறினால் எங்கள் சங்கராபரணம் கேட்டது. சரி என்று எஃப் கட்டையைச் ‘சா’வாக வைத்து, வெள்ளைகளிலேயே ஏறினேன். கல்யாணி! நான் கூவிவிட்டேன். ஏதோ புதையல் எடுத்தவள் போல அவரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. நாலாவது சுரத்தில் வெள்ளையை விட்டு அதற்கு இடப்பக்கத்துக் கறுப்பை அழுத்தச் சொன்னார். கல்யாணி போய்த் திரும்பவும் சங்கராபரணம் வந்தது. சுரம் எழுதுகிற ஐந்து கோட்டின் தொடக்கத்தில் அந்தக் கட்டைக்கு ஒரு அடையாளம் போட்டிருப்பது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. எந்தச் ‘சா’வில் நின்றாலும் வீட்டு ஒழுங்கு மாறக்கூடாது என்பதற்குத்தான். அதைப் புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு ஏறியிருக்காது.

ஒருமுறை ஒத்திகை நடுவில் குண்டு கொட்டுகிற பொம்மர் வந்துவிட்டது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். பக்கத்தில் நெற்றா ரீச்சர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். செபம் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பொம்மர் எங்கேயோ கொட்டிவிட்டுப் போன பிறகு திரும்பி வந்து இருந்ததும், “ஓய்வுக்குறியிலை நிண்டம். உம்மடை கை மூண்டாம் தட்டிலை வரும்” என்று தொடங்கிவிட்டார். அவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டா இருந்தீர்கள் என்று கேட்டேன். “பின்னை? சத்தம் இல்லாத இடத்தை எண்ணாட்டி அடுத்த சத்தம் எங்கையெண்டு எப்பிடித் தெரியும்?” பயத்தில் என் பல் அப்போதும் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

ஒன்றை மட்டும் அவர் எனக்குப் படிப்பிக்கவில்லை. பியானோப் புத்தகத்தில் ஐந்து கோடு இரண்டு அடுக்கு இருக்கும். கீழ் அடுக்கு இடது கைக்கு, மேல் அடுக்கு வலது கைக்கு. ஒரே கோட்டில் நிற்கிற புள்ளிக்குக் கீழ் அடுக்கில் ஒரு பெயர், மேல் அடுக்கில் வேறு பெயர். கீழ் அடுக்கைத் தண்ணீராகப் படிக்கப் பழகினேன். மேல் அடுக்கு எனக்குக் குருடு. அதையும் காட்டித் தாருங்கள் என்று பலமுறை கேட்டேன். ஒரு சாட்டுச் சொல்லித் தட்டிவிடுவார். கடைசியில் ஒருநாள் உள்ளதைச் சொன்னார்.

“நடு சிதான் எங்கடை எல்லைவேலி. அதுக்கு அங்காலை என்ரை காணி. உமக்கு ரெண்டும் வந்தால் நான் என்னத்துக்கு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பகிடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் வேலி வழக்குக்காகக் கோட்டுப்படி ஏறாத குடும்பம் உண்டா? நான் பிறகு கேட்கவில்லை. எனக்கு அவரில் கோபமும் இல்லை. ஒரு கை போன மனுசி மற்றக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

அன்று காலை சவிரிமுத்து அண்ணையின் பின்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வலது கை மேலே, இடது கை கீழே, இரண்டுக்கும் நடுவில் செபமாலை. அன்று மாலைப் பூசையில் பாடகர் குழு வெறும் குரலில் பாடியதாகச் சொன்னார்கள். நான் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அழுகை வரவில்லை. நாலரை மணி ஆனபோது எழும்பி ஒத்திகைக்குப் போக வேண்டும் என்று இரண்டு தரம் நினைத்தேன்.

ஐஸ் இல்லாத ஊரில் உடலை வைத்திருக்க முடியாது. மறுநாளே அடக்கம்; அது பெரிய வெள்ளி. எனக்குத் தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய வியாழன் மாலையிலிருந்து சனிக்கிழமை பாஸ்கா என்கிற உயிர்ப்பு வழிபாடு வரைக்கும் தேவாலயத்தில் வாத்தியம் இல்லை, மணி இல்லை. பெரிய வெள்ளி அடக்கத்துக்குப் பூசையும் இல்லை, பாட்டும் இல்லை. நான் பங்குத் தந்தையிடம் போய் வாயில் வந்தபடி கேட்டேன். வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்கு வாசித்தவவை ஊமையாகவா அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “ரீச்சர், இந்த நாளிலை ஆண்டவருக்கே மணி அடிக்கிறதில்லை” என்றார். அதற்குமேல் நான் என்ன கேட்பது?

அப்படியே கொண்டுபோனோம். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் நடந்தார். பின்னால் செருப்புச் சத்தமும் சைக்கிள் உருட்டுகிற சத்தமும் மட்டும். பாடகர் குழு முழுக்க வந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பாடகர்கள் பாடாமல் நடப்பதைப் போல ஒரு கொடுமையை நான் கண்டதில்லை.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது மரியதாஸ் அண்ணை என்னிடம் வந்தார். நாளைக்கு வாசிப்பீர்களா என்று கேட்டார். பாஸ்கா வழிபாட்டில் வானவர் கீதம் தொடங்குகிற அந்தக் கணத்தில்தான் அடக்கி வைத்த மணிகளும் வாத்தியமும் ஒன்றாகத் திரும்பி வரும். வருடத்தில் அவர் ஆக அதிகமாகக் காத்திருந்த இடம் அது. இந்த வருடத்துக்கென்று மெட்டும் அவரே போட்டிருந்தார். என்னால் முடியாது என்றேன். எனக்குத் தெரிந்தது பாதி; மெட்டு அந்தப் பாதியில் இல்லை; பாடுகிறவர்கள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்; என் பாதியைத் தனியே கேட்டால் இது என்ன பாட்டென்று ஒருவருக்கும் தெரியாது.

மரியதாஸ் அண்ணை விடவில்லை. “இண்டைக்கு அவவுக்கு ஒரு மணி கூட அடிக்கேலாமல் போச்சுது. நாளைக்கும் அந்தப் பியானோவைப் பூட்டி வைச்சால் எனக்கு ஏலாது, தங்கச்சி. பாதியை வாசியுங்கோ. மற்றப் பாதி அவவோடை போட்டுது எண்டு சனத்துக்குத் தெரியட்டும்.”

வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பொம்மருக்குப் பயந்து இந்த வருடம் வழிபாட்டைப் பொழுதுபடுகிற நேரத்துக்கே வைத்திருந்தார்கள். பியானோவுக்கு முன்னாலிருந்த வாங்குப் பலகையில் என் வழமையான இடத்தில், இடப்பக்கத்தில் இருந்தேன். நடுவுக்கு நகர்ந்து இருங்கள் என்று யாரோ சொன்னார்கள். என்னால் நகர முடியவில்லை. பங்குத் தந்தை தலையை அசைத்தார். நான் தொடங்கினேன். கீழ்ச் சுரங்கள் மட்டும், தூண்கள் மட்டும். பாடகர் நுழைய வேண்டிய இடம் வந்தது. ஒருவரும் நுழையவில்லை. எல்லோரும் எனக்கு வலப்பக்கத்து வெறும் வாங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். திரும்பவும் அந்த இடம் வந்தது. சவிரிமுத்து அண்ணை வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். தேவாலயம் நிறையச் சனம், ஒரு இருமல் கூட இல்லை.

நெற்றா ரீச்சரை இரண்டாம் தரமும் ஊமையாக அனுப்பப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் தரம் அந்த இடம் வந்தபோது நான் பாடினேன். வானவர் கீதத்தின் சொற்கள் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் மாதக்கணக்காக அந்த மெட்டு என் வலது காதுக்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறது. அதன் சுரங்கள் எனக்குத் தெரியும். எஃப்பைச் ‘சா’வாக வைத்து, அவருடைய வலது கை எங்கெங்கே ஏறுமோ அங்கெல்லாம் ஏறி, ச ரி க ம என்று அந்த மெட்டை முழுத்தொண்டையில் பாடினேன். விபூதிக்காரி ஒருத்தி பாஸ்கா வழிபாட்டில் சுரம் பாடுகிறாளே என்று யார் நினைத்தார்களோ எனக்குத் தெரியாது. இரண்டாவது அடியில் சவிரிமுத்து அண்ணை சொற்களோடு வந்து சேர்ந்தார். பிறகு பெண்கள் வந்தார்கள். பிறகு மணிகள். என் குரலை நான் எங்கே விட்டேன் என்பது நினைவில்லை. அதற்குப் பிறகு இடது கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிச் சுரத்தில் ஒன்று நடந்தது. குழுவினரின் குரல் வந்து நின்ற சுருதி பியானோவுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது. இவ்வளவு சனம் சேர்ந்து பாடினால் சுருதி இறங்கத்தானே வேண்டும், இவர்கள் ஏன் ஏறினார்கள்? நல்ல கேள்வி என்று நினைத்தேன். கேட்பதற்காக வலப்பக்கம் திரும்பினேன்.

வாங்கு வெறுமையாக இருந்தது. செய்தி வந்த நேரம் அழாதவள், செத்தவீட்டில் அழாதவள், சேமக்காலையில் அழாதவள், அத்தனை சனத்துக்கு முன்னால் கட்டைகளின் மேல் தலையை வைத்து ஓவென்று அழுதேன். தலை பட்டு அழுந்திய சுரங்கள் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போட்டன.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து உங்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது எல்லாப் பாட்டுகளினதும் கீழ்ப்பாதி. மேல் அடுக்கைப் படிக்கப் பழகச் சொல்கிறார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்து காட்டித்தருவாராம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காணி இன்னும் நெற்றா ரீச்சரின் பெயரில்தான் இருக்கிறது. அங்கே நான் கை வைக்க மாட்டேன், பாட்டு மட்டும் பாடுவேன்.